ஏசி பம்பும் கேப்டனின் கேஜும்

ஏசி பம்ப் என்று நான் சொன்னால் உங்களில் பாதிப் பேர் காருக்குள் குளிர்ந்த காற்று வருகிற சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வீர்கள். போன மாதம் ஒரு தம்பி அப்படித்தான் நினைத்து, டேஷ்போர்டைக் கழற்ற ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றான். நான் திட்டவில்லை, தலையில் அடித்துக்கொண்டதோடு சரி. எங்கள் காலத்தில் காரில் ஏது குளிர்ந்த காற்று? டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்குக் கொடுக்கிற பம்புக்குத்தான் ஒர்க்‌ஷாப்பில் ஏசி பம்ப் என்று பெயர். என்ஜின் பக்கவாட்டில் கைப்பிடி அளவில் உட்கார்ந்திருக்கும். உள்ளே துணியும் ரப்பரும் சேர்ந்த ஒரு வட்டத் தகடு மேலும் கீழும் போய் வரும். டயாஃப்ரம் என்போம். அது கிழிந்தால் வண்டிக்குப் பெட்ரோல் போகாது.

இப்போது உங்களுக்கு எல்லாம் சுலபம். வண்டிக்காரர் வந்து மேட்டில் இழுக்கவில்லை என்று சொல்லி வாயை மூடுவதற்குள் 'பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்' என்று சொல்லிவிடுகிறீர்கள். சொன்னது சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிடலாம். 'போயிடுச்சு' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் என் நாக்கு ஒட்டிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. இந்தப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும், தம்பிகளும் இப்போது இரண்டு தங்கைகளும், அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. நடுவில் யாரும் போனை எடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

கோலார் தங்க வயலில், ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவின் கோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் அப்போது நான் மெக்கானிக். அறுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணம் ஆகவில்லை. வாய் நீளம். என் கை பட்டால் எந்த வண்டியும் ஓடும் என்ற திமிர் வேறு. அப்பாவும் சித்தப்பாவும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். நான் மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து வண்டிப் பக்கம் வந்தேன். ஆனாலும் வயலில் பிறந்தவனுக்குக் கீழே நடப்பதெல்லாம் தெரியாமல் இருக்காது. ஷிஃப்ட் முடியாத நேரத்தில் ஆட்கள் மேலே வந்தால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

நான் சொல்கிற நாளுக்கு முந்தின நாள் ஒரு ஷாஃப்ட்டில், அதாவது ஆட்கள் இறங்குகிற சுரங்கக் கிணற்றில், ரொம்ப ஆழத்தில், பாறையைத் தாங்குவதற்கு வைத்திருந்த மரங்கள் தீப்பிடித்துக்கொண்டன. அந்த ஷிஃப்ட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பி மேலே வந்துவிட்டார்கள். மூன்று பேர் மட்டும் புகைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பாறையில் துளை போடுகிற மெஷினுக்கு மேலேயிருந்து இரும்புக் குழாயில் காற்று போகும். அந்தக் குழாயின் வாயைத் திறந்துவிட்டு, வருகிற காற்றில் மூக்கை வைத்துக்கொண்டு அந்த மூன்று பேரும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருப்பது எப்படித் தெரியும் என்றால், அவர்கள் குழாயைக் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்தப் பக்கம் குழாயில் காதை வைத்தவர்களுக்கு அது கேட்டது. தீயின் சூட்டில் குழாயின் ஏதாவது ஒரு இணைப்பு விட்டுப்போனால் காற்று நின்றுவிடும். அதற்குள் போய்க் கொண்டுவர வேண்டும்.

மூன்று பேரில் ஒருவன் அசோகன். என்னைவிட இளையவன், எங்கள் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில்தான் வீடு. பந்து விளையாட்டில் கெட்டிக்காரன். அவனுடைய சொந்த அண்ணன்தான் ரெஸ்க்யூ டீமுக்குக் கேப்டன். ரெஸ்க்யூ டீம் என்றால் முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, புகைக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கி வருகிறவர்கள். கேப்டன் குள்ளமான மனிதர். ஊரில் எல்லோருக்கும் அவர் கேப்டன்தான், வீட்டில் அண்ணியும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். வாயிலிருந்து வார்த்தையை வாங்குவதற்குள் நமக்கு வயதாகிவிடும்.

அன்று காலை முதல் டீமை அவரே கூட்டிக்கொண்டு போனார். தட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்கிற தூரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள் என்று ஊர் பூராவும் பேச்சு. ஒருமுறை உள்ளே போய் வந்தவர்கள் ஓய்வெடுக்காமல் மறுபடி இறங்கக் கூடாது என்பது விதி. இரண்டாவது டீம் தயாராக நின்றது. ஆனால் முந்தின நாளிலிருந்து தீயோடு போராடியதில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருந்தது. புது சிலிண்டர்கள் ரயிலில் பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியிருந்தன. அங்கிருந்து வயலுக்கு வருகிற அடுத்த ரயில் சாயங்காலம்தான். ரெஸ்க்யூ வேன் ஷாஃப்ட்டை விட்டு நகர முடியாது. சும்மா உட்கார முடியாமல் கேப்டனே எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு நடந்து வந்தார். முகம் கழுவியிருந்தார், ஆனால் காதோரத்தில் கரி அப்படியே இருந்தது.

"வண்டி ஏதாச்சும் கீதா?" என்றார்.

பிரேக் வேலை முடிந்து, சொந்தக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவதற்காக ஒரு பழைய பெரிய டாக்சி நின்றிருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டேன். "ஏறுங்க கேப்டன்" என்றேன்.

பங்காருபேட்டைக்குப் போகும்போது வண்டி குதிரையாகப் போனது. பெரும்பாலும் இறக்கம், பாரமும் இல்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் எந்த வண்டியும் உண்மையைச் சொல்லாது. கஸ்டமர் 'ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க' என்றால், பட்டறையைச் சுற்றிச் சமதளத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறீர்களே, அது ஓட்டிப் பார்த்ததாகாது. மேட்டில் ஏற்றிப் பாருங்கள்.

வழியில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "தட்டறது நல்லா கேட்டுச்சாமே கேப்டன்" என்றேன்.

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் கேப்டன்..."

"கேஜ் எறங்கிடுச்சு. திரும்பிட்டோம்."

எங்கள் ஊரில் கேஜ் என்றால் ஷாஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்குகிற இரும்புக் கூண்டு. பேசப் பழகுகிற குழந்தைக்குக்கூட அந்த வார்த்தை தெரியும். நானும் அதையே நினைத்துக்கொண்டு, "எறங்கினா இன்னா கேப்டன், பெல் அடிச்சா மறுபடி மேல வந்துடப் போவுது" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

"அந்தக் கேஜ் இல்ல மெக்கானிக்கு," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்க ஒரு கேஜ் தொங்கும். ஆக்சிஜன் எவ்ளோ கீதுன்னு முள்ளு காட்டும். அஞ்சு பேரு போவோம். வாயில குழாய கவ்விக்கினு இருக்கறதால பேச முடியாது. நான் ஒவ்வொருத்தன் கேஜையும் பாத்துக்கினே போவேன். யாரு கேஜ் கம்மியா கீதோ, அந்த நேரத்துல அவன்தான் கேப்டன். அவன் முள்ளு கோட்டுக்கு வந்துட்டா எல்லாரும் திரும்பணும். எனக்கு நெறைய கீதுன்னு நான் போகக் கூடாது."

"காலையில யாருது கம்மியா இருந்துச்சு?"

"அத்த எப்பவும் சொல்ல மாட்டோம்" என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. தம்பி தட்டுகிற சத்தம் காதில் விழுகிறது, யாரோ ஒருத்தனின் முள் இறங்கிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டாராம். இவர் நெஞ்சு கல்லா, இல்லை இரும்பா என்று நினைத்தேன். என் தம்பியாக இருந்தால் நான் தனியாகவாவது போயிருப்பேன். அதை அவரிடம் சொல்கிற தைரியம் மட்டும் வரவில்லை.

ஸ்டேஷனில் சிலிண்டர்கள் மரப்பெட்டிகளில் இருந்தன. நான் குனிந்து ஒன்றைத் தூக்கப் போனேன். "கையக் காட்டு" என்றார். காட்டினேன். மெக்கானிக் கை எப்படி இருக்கும்? "நீ தொடாத. எண்ணெய் பட்டா ஆக்சிஜன் சும்மா இருக்காது, புடிச்சிக்கும்" என்றார். போர்ட்டர்களை வைத்து ஏற்றி, ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் சாக்கை மடித்துத் தானே செருகினார். நான் ஸ்டீரிங்குக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் ஊரைத் தாண்டிச் சமதளம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் பாறைக்குன்றைச் சுற்றிக்கொண்டு ஒரு நீளமான மேடு உண்டு. அதில் ஏற ஆரம்பித்து, மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன். வண்டி ஒரு முறை இருமியது, குலுங்கியது, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

வண்டி நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், எப்படி நின்றது என்று கேளுங்கள். கரண்ட் பக்கம் கோளாறு என்றால் விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று போகும். பெட்ரோல் கிடைக்காமல் போனால் இப்படித்தான் தவித்துத் தவித்து நிற்கும். ஆகவே பெட்ரோல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெட்ரோல் வராததற்குப் பல காரணங்கள் உண்டு. டேங்க் மூடியின் ஓட்டை அடைபட்டிருந்தால், உள்ளே காற்றுப் போகாமல் பெட்ரோல் வெளியே வராது. மூடியைத் திறந்து பார்த்தேன், காற்று உள்ளே இழுக்கிற சத்தம் இல்லை. அது காரணமில்லை. மத்தியான வெயில். என்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மருந்து தண்ணீர்தான். இல்லையென்றால் பம்பே போயிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் என் மனசு என்ன செய்தது என்று சொல்கிறேன், உங்கள் மனசும் அதையே செய்யும். அது சூடாக மட்டும் இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டது. ஏனென்றால் சூடு என்றால் என்னால் சரிசெய்ய முடியும். பம்ப் என்றால் கையில் வேறு பம்ப் இல்லை. நமக்குத் தீர்க்கத் தெரிந்த கோளாறையே வண்டிக்கு வந்த கோளாறு என்று நம்ப ஆசைப்படுவோம். கேப்டனின் தண்ணீர்ப் புட்டியை வாங்கி, துணியை நனைத்துப் பம்பின் மேல் போட்டேன். துணியிலிருந்து புகை மாதிரி ஆவி எழும்பியது. கொஞ்ச நேரம் பொறுத்து ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது, ஓடியது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்?

"சூடுதான் கேப்டன். இனிமே பயம் இல்ல" என்றேன். வளைவு திரும்புவதற்குள் மறுபடி இருமல் வந்தது. முதல் தடவை ஓடிய தூரத்தில் பாதிகூட ஓடாமல் நின்றது.

இறங்கி பானட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினேன். ஆயில் இருக்க வேண்டிய கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது. தண்ணீர் மாதிரி ஒழுகியது. மூக்கில் வைத்தேன், பெட்ரோல் வாடை. அவ்வளவுதான், இனி சந்தேகத்துக்கு இடமே இல்லை. டயாஃப்ரம் கிழிந்து, மேலே போக வேண்டிய பெட்ரோல் என்ஜினுக்குள் ஆயிலில் கலந்துகொண்டிருந்தது. போகப் போகக் கிழிசல் பெரிதாகும். ஆயில் நீர்த்துப்போனதால் என்ஜின் உள்ளே இறுகி அடியோடு நின்றுபோனாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் மெக்கானிக் திமிர் அவ்வளவு சுலபத்தில் அடங்குமா? டிக்கியில் ஒரு காலி டின்னும் ரப்பர் டியூபும் கிடந்தன. பம்ப் போன வண்டிக்கு எங்கள் காலத்து வைத்தியம் அது. டின்னில் பெட்ரோலை ஊற்றி வண்டிக் கூரையில் கட்டிவிட்டு, டியூபை நேராகக் கார்புரேட்டரில் செருகினால் பெட்ரோல் தானாக இறங்கும். பம்பே வேண்டாம். ஒரு கல்யாணக் கோஷ்டியை அப்படியே முள்பாகல் வரைக்கும் கொண்டுபோய்விட்டு மாலை மரியாதை வாங்கியவன் நான். டின்னைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அது இன்னா?" என்றார் கேப்டன். சொன்னேன்.

"பெட்ரோல் எங்க தொங்கும்?"

"கூரை மேல கேப்டன்."

"ஆக்சிஜன் எங்க கீது?"

நான் டின்னைக் கீழே வைத்தேன். கரடுமுரடான ரோட்டில் ஒரு சொட்டு ஒழுகினாலும் போதும், பிறகு சிலிண்டரும் இல்லை, நாங்களும் இல்லை, கீழே குழாயைத் தட்டிக்கொண்டிருக்கிற மூன்று பேருக்கும் நாதி இல்லை. அவ்வளவு தெரிந்த எனக்கு அந்த நிமிஷத்தில் அது தோன்றவில்லை. பழகிய வித்தை கைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து, குன்றின் தோளுக்கு மேலே, ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரமும் அதன் உச்சியில் இருக்கிற சக்கரமும் தெரிந்தன. அவ்வளவு பக்கம். ரோட்டில் ஈ காக்கை இல்லை. கேப்டன் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப உன் கேஜ்தான் கம்மி, மெக்கானிக்கு. உன் முள்ளு எங்க நிக்குது, சொல்லு."

'போயிடலாம் கேப்டன்' என்ற வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல. அவருடைய தம்பி உள்ளே இருக்கிறான், கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்? நாலு தடவை நின்றாலும் தள்ளித் தள்ளிப் போய்விடலாம் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும்.

"எனக்காக சொல்லாத. என் தம்பிக்காகவும் சொல்லாத. முள்ளு எங்க நிக்குதோ அத்த மட்டும் சொல்லு" என்றார். குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"பம்ப் போயிடுச்சு கேப்டன்," என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. "இந்த மேடு ஏறாது. நடுவுல நின்னா முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது. இப்பவே திருப்பினா எறக்கத்துல உருட்டிக்கினு பங்காருபேட்டை போயிடலாம். அங்க வேற வண்டி புடிக்கலாம்."

"அப்போ?"

அந்த வார்த்தையையும் நானே சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். யாருடைய முள் கம்மியோ அவன்தான் கேப்டன் என்று போகும்போது கேட்டேனே, அது என் தலையில் இப்படி வந்து விழும் என்று நான் நினைக்கவேயில்லை.

"திரும்பலாம் கேப்டன்."

"சரி. திருப்பு."

அவ்வளவுதான் பேச்சு. நிச்சயமா என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரேன் என்று சொல்லவில்லை. நான் ஸ்டீரிங்கை ஒடிக்க, அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரே நாளில் இரண்டாவது தடவையாகத் தம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். போகும்போது கல் நெஞ்சு என்று நினைத்தேனே, கல்லாக இருந்தால் எதற்கு அந்த மனுஷன் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் ரோட்டில் நிற்கிறார்? வலி எவ்வளவு என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அவ்வளவு வலியையும் வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கையோடு நிற்கிற ஒரு பொடிப்பயல் சொன்னதை நம்பித் திரும்பினார். சாமி கும்பிடுகிற இடத்தில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

என்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டினேன். சமதளம் வந்தபோது மட்டும் ஸ்டார்ட் செய்து, மெதுவாக நகர்த்தி, இருமினால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி நகர்த்தி, ஒரு வழியாக ஸ்டேஷன் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். கேப்டன் பின்னால் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்டேஷன் வாசலில் விறகு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் தெலுங்குக்காரர், டீ குடித்துக்கொண்டிருந்தார். கேப்டன் அவரிடம் போய், கீழே மூன்று பேர் இருக்கிறார்கள், இது அவர்களுக்குப் போகிற காற்று என்று மட்டும் சொன்னார். தன் தம்பி என்று சொல்லவில்லை. அந்த டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, லாரியின் பின் பலகையை அவிழ்த்து, அத்தனை விறகையும் அங்கேயே வாசலில் தள்ளிவிட்டார். போர்ட்டர்களும் டீக்கடையில் நின்றவர்களும் ஏறித் தள்ளினார்கள். பெட்டிகள் ஏறியதும் "பதண்டி, பதண்டி" என்று அவரே அவசரப்படுத்தினார். நான் பின்னால் ஏறக் காலைத் தூக்கினேன்.

"கையப் பாரு" என்றார் கேப்டன். முழங்கை வரை பெட்ரோலும் ஆயிலும் வழிந்துகொண்டிருந்தது. நான் காலை இறக்கிக்கொண்டேன். லாரி போய்விட்டது.

சாயங்கால ரயில் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் நினைத்தது. ஒருவேளை நான் சொன்னது தப்பாக இருந்தால்? அந்த மேட்டை வண்டி எப்படியாவது ஏறியிருக்குமோ? பம்பைக் கழற்றிப் பிரித்தேன். டயாஃப்ரம் ஓரம் நெடுகக் கிழிந்து, ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வளைவுகூடத் தாங்கியிருக்காது. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ரயிலில் வந்து இறங்கி ஷாஃப்ட்டுக்கு ஓடினேன். வாசலில் பெரிய கூட்டம். அத்தனை பேர் நின்றும் சத்தமே இல்லை. இரண்டாவது டீம் ஆக்சிஜனோடு இறங்கிப் போயிருந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது மேலே சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. கூண்டு வந்து நின்றது. முதலில் டீம் ஆட்கள் வெளியே வந்தார்கள். கேப்டன் ஒவ்வொருவனின் முகத்தையும் பார்த்து, முதுகில் இருந்ததைத் தானே இறக்கிவிட்டார். ஐந்து பேரும் வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பினார். மூன்று ஸ்ட்ரெச்சர். மூன்றிலும் மூச்சு இருந்தது. கடைசியில் அசோகன், முகமெல்லாம் கரி, உதடு வெடித்திருந்தது. கேப்டன் அவன் போர்வையைச் சரிசெய்தார். கூட்டத்தில் யாரோ கேவினார்கள், அப்புறம் எல்லோரும் அழுதார்கள். நானும்தான்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேப்டன் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தினமும் வருகிறார், கூட யாராவது இருந்தால் உள்ளே போய் நிற்கிறார், தனியாகப் போவதில்லை என்று நர்ஸ் சொன்னாள். நான் மட்டும் உள்ளே போனேன். அசோகன் எழுந்து உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். என் வாய் எப்போதும் போலச் சும்மா இருக்கவில்லை.

"அன்னிக்கி உங்க அண்ணன் பக்கத்துல வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனாரே, உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும். நாங்க தட்டினோம், அந்தப் பக்கத்துலருந்து பதிலுக்குத் தட்டினாங்க. கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. திரும்பிட்டாங்கன்னு புரிஞ்சுது."

"எப்டிடா இருந்துச்சு?"

"கூட இருந்தவன் அழுதான். உட்டுட்டுப் போறானுங்கடான்னான். நான் சொன்னேன், டேய், அது எங்க அண்ணன். அவரு திரும்பினா ஆளுங்களை உயிரோட கூட்டிக்கினு போறாருன்னு அர்த்தம். உயிரோட போனாதான் மறுபடி வர முடியும். அவரு மட்டும் கேஜைப் பாக்காம உள்ள வந்திருந்தாருன்னு வெச்சுக்க, எங்க பக்கத்துலயே உழுந்திருப்பாரு. அப்புறம் யாரு வருவாங்க? நீ அழாத, தட்டிக்கினே இருன்னு சொன்னேன்." பன்னின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டான். "அவரு திரும்பினதுக்கு அப்புறந்தான் எனக்கு பயமே போச்சு."

வெளியே வந்தேன். கேப்டன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். அந்த மேட்டில் என்னிடம் முள் எங்கே நிற்கிறது என்று கேட்ட அதே மனிதர், இப்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் திரும்பிப் போனது அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் கேப்டன்."

"இன்னா சொன்னான்?"

அசோகன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லு மெக்கானிக்கு" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.